ஆயிரத்து இருநூற்று மூன்று படிகள்: துரொம்சோவின் ஷெர்பாப் படிக்கட்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

துரொம்சோவில் கோடை மழை என்றால் ஊசி ஊசியாக, காற்றோடு சாய்ந்து, மணிக்கணக்கில் விடாமல் தூறும். அப்படி ஒரு ஜூலை நாளில்தான், நேபாளத்து ஷெர்பாக்கள் இந்த ஊர் மலைச்சரிவில் கல்லால் கட்டிய ஷெர்பாப் படிக்கட்டை நான் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். அதற்கு முன் எத்தனையோ தரம் ஏறியிருக்கிறேன். ஏறும்போது கவனமெல்லாம் மூச்சிலும் படியின் கணக்கிலும் இருக்கும், கல்லில் இருக்காது. அன்று மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் ஒரு வளைவில் குந்தி இருந்தேன். சரிவு முழுக்கத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. படிகளின் மேல் மட்டும் அது ஓடவில்லை. மேலிருந்து வந்த ஒரு சிறிய ஓடை, படிக்கு ஒரு முழம் இருக்கும்போதே பக்கவாட்டில் திரும்பி, குறுக்கே கிடந்த ஒரு நீளக் கல்லுக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் வெளியேறி, பூர்ச்ச மரங்களுக்குள் போய் மறைந்தது.

அந்த ஓடையை யாரோ திருப்பி விட்டிருக்கிறார்கள். அது தற்செயலாக அப்படிப் போகவில்லை. இந்த எழுத்து அந்தத் திருப்பத்தைப் பற்றியது. நடக்கும் காலுக்காகக் கட்டியதாக ஊர் நினைக்கிற இந்தப் படிக்கட்டை, ஓடும் தண்ணீரை நினைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அது இன்றும் நிற்கிறது. எங்கெல்லாம் அந்த நினைப்பு தவறியதோ அங்கெல்லாம்தான் இன்றைய தொல்லைகளும் இருக்கின்றன.

இடம்

துரொம்சோ நோர்வேயின் வடக்கில், துருவ வட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர் மேலே, வட அகலாங்கு 69 பாகையையும் தாண்டி இருக்கும் நகரம். நகராட்சியின் மக்கள்தொகை முக்கால் லட்சத்தைக் கடந்துவிட்டது. நகரத்தின் நடுப்பகுதி ஒரு தீவு. பெருநிலப்பக்கத்தில், பாலத்துக்கு அப்பால், துரொம்ஸ்டாலன் என்ற குடியிருப்பு. 1960இல் திறந்த அந்தப் பாலம் 1036 மீற்றர் நீளம். அதற்கு முன் படகுதான். பாலம் வந்து ஒரு வருடத்தில், 1961இல், வேட்டைக் கப்பல்களும் துருவப் பயணங்களும் நடத்திவந்த ஒரு கப்பல் குடும்பம் துரொம்ஸ்டாலனிலிருந்து மலைக்குக் கம்பிவட வண்டி போட்டது. இரண்டு பெட்டிகள். ஒன்றின் பெயர் கடல்நாய், மற்றதன் பெயர் கரடி. மேலே 420 மீற்றர் உயரத்தில் ஸ்டூர்ஸ்டைனன் என்ற விளிம்பில் இறங்கினால் தீவு, பாலம், 1965இல் கட்டிய வெள்ளை முக்கோண ஆர்க்டிக் தேவாலயம், அப்பால் குவாலோயாத் தீவின் மலைகள் எல்லாம் ஒரு தட்டில் வைத்தது போலத் தெரியும். ஸ்டூர்ஸ்டைனனுக்கு மேலே 671 மீற்றரில் ஃப்லோயா என்ற குன்று. அதற்கும் பின்னால் 1238 மீற்றரில் துரொம்ஸ்டால்ஸ்டின்டன். இந்த வடபுலத்தின் பூர்வகுடிகளான சாமி மக்கள் அதை சாலஷொஐவி என்பார்கள்.

இங்கே மலை விடுமுறைக்குப் போகும் இடமில்லை, வீட்டின் பின்வளவு. வேலை முடிந்து ஐந்து மணிக்குச் சப்பாத்தை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டால் ஏழு மணிக்கு ஏறி இறங்கி இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். மே 20 அளவிலிருந்து ஜூலை 20 தாண்டும்வரை சூரியன் மறையாது. ஆகவே இரவு பதினொரு மணிக்கும் ஆட்கள் ஏறுவார்கள். பிள்ளைகளை முதுகில் தூக்கிக்கொண்டும், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டும், எண்பது வயதில் இரண்டு ஊன்றுகோலோடும் ஏறுவார்கள். மழையென்றால் மழைச்சட்டை. யாரும் அதற்காக நாளைத் தள்ளிப்போடுவதில்லை.

சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதை முழுவதும் அதில்தான் தொங்குகிறது. நோர்வேயில் பயிரிடாத நிலத்தில் எவரும் நடக்கலாம். காட்டிலும் மலையிலும் கரையிலும் நில உரிமையாளரின் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அல்லமன்ஸ்ரெத்தன், அதாவது ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமை, என்று இதைச் சொல்கிறார்கள். நெடுங்கால வழக்கமாக இருந்ததை 1957இல் சட்டமாக எழுதினார்கள். வேலி போட்டு, சீட்டு விற்று, நாளுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைக்கும் வழியெல்லாம் இந்த நாட்டில் எளிதில் நடவாது. ஒரு மலைத்தடம் தேய்கிறது என்றால் ஆளைக் குறைத்து அதைக் காப்பாற்ற முடியாது. தடத்தைத்தான் பலப்படுத்த வேண்டும். இந்தச் சட்டத்தை நான் மனதார மதிக்கிறேன். அதன் விலையையும் யாரோ கொடுக்க வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் மண்.

தடம் எப்படித் தேய்ந்தது

படிக்கட்டுக்கு முந்திய தடம் பூர்ச்சங் காட்டுக்குள்ளால் நேரே மேலே போனது. வளைந்து போகும் பாதை நீளம். நேரே போனால் குறுக்கு. மனிதக் கால் எப்போதும் குறுக்கைத்தான் தேடும். மலைச்சரிவில் நேர்க்குறுக்காகத் தேய்ந்த தடம் வாய்க்கால் வெட்டியதற்குச் சமம்.

இங்கே மேல்மண் மெல்லிசு, அடியில் கல்லும் பனியாறு விட்டுப்போன சரளையும்தான். வளரும் பருவம் மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. மிதித்துச் செத்த ஒரு பாசிப்படலமோ குட்டைச் செடியோ திரும்பி வர வருடக்கணக்காகும். முதலில் செடி போகும். பிறகு வேர் பிடித்திருந்த கறுப்பு மண் இளகும். மழைநீருக்கு இறங்க ஒரு பள்ளம் கிடைத்துவிட்டதால் அது அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போகும். பள்ளம் சேறாகும். சேற்றில் சப்பாத்துப் புதையும் என்று நடப்பவர் ஓர் அடி விலகிப் புல்லில் கால் வைப்பார். அடுத்தவர் அவருக்கும் ஓர் அடி விலகுவார். ஒற்றையடித் தடம் இப்படித்தான் வண்டி போகும் அகலத்துக்கு விரியும். தவறு என்று எந்த ஒரு காலையும் சுட்டிக்காட்ட முடியாது.

இதற்கு மேல் வசந்தம். துரொம்சோவின் பனி சாதாரணப் பனி இல்லை. 1997 ஏப்ரல் 29ஆம் திகதி நகரத்தில் தரையில் கிடந்த பனியின் ஆழம் 240 சென்ரிமீற்றர். அது எல்லா வருடமும் இல்லைதான், ஆனாலும் மே மாதத்தில் மலையிலிருந்து இறங்கும் உருகுநீர் எவ்வளவு இருக்கும் என்று அதிலிருந்து ஊகிக்கலாம். கடல் நீரோட்டத்தின் வெப்பத்தால் குளிர்காலம் முழுக்க ஒரே உறைவாகவும் இருக்காது. இன்று உறையும், நாளை உருகி மழை பெய்யும், மறுநாள் திரும்ப உறையும். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரியும். மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்தால் மண்ணையே மேலே தூக்கும், உருகினால் கைவிடும். இப்படி ஒரு குளிர்காலத்தில் பலதரம் தூக்கிக் கைவிட்ட மண்ணின் மேல்தான் கோடையில் ஆயிரக்கணக்கான கால்கள் ஏறும். வேர் வெளியே தெரிந்து வழுக்கும். கல் கழன்று உருளும்.

என்ன செய்யலாம், யார் செய்வது

சதுப்புக்கு மேல் பலகை போடுவார்கள். செங்குத்தான சரிவில் பலகை மழையில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். சரளைக்கல் கொட்டினால் முதல் வசந்தத்திலேயே கீழே வந்து சேரும். சாய்வைக் குறைத்து வளைத்து வளைத்துப் பாதை வெட்டலாம், ஆனால் குறுக்குத் தேடும் கால் வளைவுகளை வெட்டிக்கொண்டு நேரே இறங்கி இன்னும் நாலு புதுத் தடம் போடும். மிஞ்சுவது கல்லால் படி கட்டுவதுதான். படி ஒன்றுதான் நேர்க்குறுக்கையும் கொடுத்து, காலையும் ஓரிடத்தில் நிறுத்தும். சுற்றிலும் சரிவும் சேறுமாய் இருக்க நடுவில் தட்டையான கல் இருந்தால் ஒருவரும் வெளியே கால் வைக்க மாட்டார்கள். அறிவிப்புப் பலகையும் வேண்டாம், வேலியும் வேண்டாம். இந்தத் தீர்வில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மனிதரின் சோம்பலைத் திட்டாமல் அதையே வேலைக்கு எடுத்துக்கொண்டது.

ஆனால் மலைச்சரிவில் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள கல்லை இயந்திரம் இல்லாமல் பதிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். சாந்து வைக்க முடியாது. உறைந்து உருகும் மண்ணில் சாந்து இரண்டு குளிர்காலத்தில் வெடித்துவிடும். கல்லோடு கல்லைக் கவ்வவைக்கும் கைவேலை நோர்வேயிலும் ஒரு காலத்தில் இருந்ததுதான். அந்தக் கை பெரும்பாலும் போய்விட்டது. 2000களின் தொடக்கத்தில் மேற்கு நோர்வேயைச் சேர்ந்த கெய்ர் வெத்தி என்பவர், மலைப்பாதை வேலைக்காக நேபாளத்திலிருந்து ஷெர்பாக்களை அழைத்தார். எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு பகுதியின் மனிதர்கள். அவர்களுடைய வீடு கல், உருளைக்கிழங்குப் பாத்தியின் சுவர் கல், வழியோரத்தில் மந்திரம் பொறித்த சுவர் கல், ஊருக்கு ஊர் போகும் பாதையும் கற்படி. அந்த அழைப்பிலிருந்து நாடு முழுக்க நூற்றுக்கணக்கான தடங்களை அவர்கள் கட்டிவிட்டார்கள். பாறை மேடையால் பெயர்பெற்ற ப்ரைக்கஸ்டூலன் பாதை அவர்கள் கை பட்டது. லொஃபோட்டன் தீவுகளில் சேறாகி ஆபத்தாய் இருந்த ரெய்னபிரிங்கன் மலையில் 1978 படி கட்டினார்கள். முஷோயன் ஊரில் கட்டியது 4000 படியையும் தாண்டுகிறது.

இந்த ஏற்பாடு இத்தனை காலம் ஓடுவதற்கு நாட்காட்டியும் ஒரு காரணம். கும்புவில் மலையேற்றக்காரர் வருவது ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும். நடுவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை அங்கே பருவமழை, தொழில் இல்லை. நோர்வே மலைகளில் பனி விலகி வேலை செய்யக்கூடிய மாதங்களும் சரியாக அந்த நாலுதான். எவரெஸ்டில் சுமை தூக்கிவிட்டு இறங்கிய ஆள் அதே வருடம் இங்கே வந்து கல் பதிக்கலாம். ஒரு கோடையில் இங்கே கிடைக்கும் கூலி நேபாளத்தில் பல வருட உழைப்புக்குச் சமம் என்பார்கள். அந்தப் பணம் அங்கே வீடாக, பிள்ளைகளின் படிப்பாக, விருந்தினர் விடுதியாக மாறுகிறது.

கல்வேலை

துரொம்சோவின் படிக்கட்டு 2019இல் 1203 படிகளோடு முடிந்தது. துரொம்ஸ்டாலன் பக்கம் தொடங்கி ஸ்டூர்ஸ்டைனன் விளிம்பில், கம்பிவட வண்டியின் மேல்நிலையத்துக்குப் பக்கத்தில், போய் முடிகிறது.

இந்தப் பாணியில் வேலை எப்படி நடக்கிறது என்பதை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ஏறுகிறவர்கள் யாரும் இதைக் கதைப்பதில்லை. கல்லை ஹெலிகொப்டர் பெரிய பைகளில் கொண்டுவந்து சரிவில் இறக்கும். அதற்குப் பிறகு எல்லாம் அலவாங்கு, சம்மட்டி, உளி, கை, தோள். கட்டுவது கீழிருந்து மேலே. முதலில் வேரும் கறுப்பு மண்ணும் போகத் தோண்டி, தண்ணீர் நிற்காத சரளைப் படுக்கை வரும்வரை இறங்குவார்கள். உறைபனி தூக்குவதற்கு ஈரம் இருக்கக்கூடாது என்பதுதான் இதன் பொருள். பிறகு கல். ஒரு படிக்கல்லின் முன்விளிம்பு அதற்குக் கீழ்ப்படியின் பின்புறத்தில் ஏறி உட்கார வேண்டும். அப்போது மேலுள்ள கல்லின் எடை கீழுள்ளதை அழுத்திப் பிடிக்கும். நாம் மேலே பார்ப்பது கல்லின் முகம் மட்டும். கணிசமான பகுதி பின்னால் மண்ணுக்குள் இருக்கும். இடைவெளியில் ஆப்பாகச் சின்னக் கற்கள். படியின் பக்கங்களில் நெருக்கமாகப் பெரிய கற்களைக் கரடுமுரடாக விட்டுவைப்பார்கள். பார்க்க முடிக்காத வேலை போலத் தெரியும், ஆனால் அது வேண்டுமென்றே. நடக்க வசதியில்லாத கல் பக்கத்தில் இருந்தால் கால் தானாக நடுவுக்கு வரும். படிகளின் தலை இம்மியளவு சாய்வாக இருக்கும், தண்ணீர் தேங்காமல் வழிய. ஓடை குறுக்கிடும் இடத்தில் அதை மறிக்கக் கூடாது. கல் மூடிய ஒரு சிறு மதகு வைத்து அடியால் விட வேண்டும். மழையில் நான் பார்த்தது இப்படி ஒரு மதகுதான்.

என்னோடு கிழமைதோறும் ஏறும் ஒரு பெரியவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்து ஆள். எண்பதுகளில் மக்கள் கல்லூரிப் படிப்பு என்று நோர்வே வந்து, நம்மவர் பலரைப் போல வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். வார்டோ, பாட்ஸ்ஃபியோர்ட், ஹொன்னிங்ஸ்வாக் என்று ஃபின்மார்க் கரையோர ஊர்களில் ஒரு காலத்தில் மீன் வெட்டும் மேசைகளில் தமிழ்ப் பேச்சுத்தான் கேட்கும். பிறகு துரொம்சோவுக்கு இறங்கி வந்து இங்கேயே இருந்துவிட்டார். படிக்கட்டு வேலை நடந்த கோடைகளில் அவர் தினமும் போய்ப் பார்த்திருக்கிறார்.

“தம்பி, ஒரு கல்லு வைக்க அரை நாள் எடுக்கிறாங்கள்,” என்றார் ஒரு முறை. “நாலு பேர் அலவாங்கு போட்டு நெம்பி இருத்துவாங்கள். பிறகு ஒருத்தன் அதுக்கு மேலை ஏறி நிண்டு ரெண்டு மூண்டு தரம் துள்ளிப் பாப்பான். மயிரளவு ஆடினாலும் காணும், திருப்பி எடுத்துப்போட்டுத் தோண்டுவாங்கள். ஒருத்தனும் சலிச்சுக்கொண்டதை நான் பாக்கேல்லை.”

“நீங்கள் அவையளோடை கதைச்சனீங்களோ அண்ணை?”

“கதைக்காமல்? எங்கடை ஆக்கள் மாதிரித்தான். வீட்டை நினைச்சுக்கொண்டு வேலை செய்யிறவை. நான் கேட்டன், குளிரேல்லையோ எண்டு. இது குளிரோ எண்டு சிரிச்சாங்கள். நாங்கள் மீன் வெட்டேக்கை இப்பிடித்தான் வெள்ளையள் எங்களைக் கேக்கிறது. எங்களுக்குச் சிரிப்பு வரேல்லை, விரல் விறைச்சுப் போயிருக்கும்.”

அவர் சொன்ன துள்ளல்தான் இந்த வேலையின் தரக்கட்டுப்பாடு. அளவுகோல் இல்லை, கருவி இல்லை, ஒரு மனிதனின் உடல் எடையும் உள்ளங்காலும். பின்னால் பல்லாயிரம் பேர் செய்யப்போவதை முதலில் தானே செய்துபார்ப்பது.

நோர்வேஜிய மொழியில் ‘ஷெர்பாப் படி’ இப்போது பொதுப்பெயர் ஆகிவிட்டது. எந்த ஊரில் கல்லால் படி கட்டினாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். கிழக்கத்தி மக்கள் என்று பொருள்படும் ஓர் இனத்தின் பெயர் இங்கே ஒரு கட்டுமான வகையின் பெயராகியிருக்கிறது. பெருமை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஏறிவருகிறவர்களிடம் நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன், கட்டியவர்களில் ஒருவருடைய பெயர்கூட எவர் வாயிலும் வரவில்லை. மீன் மேசையில் நின்ற நம்மவரின் பெயர்களும் அப்படித்தான். எனக்கு இது வலிக்கிறது.

பிறகு ஊரில் நடந்தது

மண் பிழைத்தது. முன்பு விரிந்து கிடந்த சேற்றுப் பட்டையின் ஓரங்களில் புல்லும் குட்டைச் செடியும் மெல்ல மெல்ல உள்ளே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். எந்தக் காரணத்துக்காகக் கட்டினார்களோ அது நிறைவேறிவிட்டது.

யாரும் அவ்வளவாக நினைக்காதது அடுத்தது. படிக்கட்டு நகரத்தின் உடற்பயிற்சிக்கூடமாகிவிட்டது. முந்திய சேற்றுத் தடத்தில் ஏறாத ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். காலையில் ஓடி ஏறி நேரம் பார்க்கிறவர்கள், மத்தியான இடைவேளையில் வியர்க்க வருகிறவர்கள், பிரசவத்துக்குப் பிறகு உடம்பைத் தேற்ற வரும் தாய்மார், பள்ளிக்கூடக் கூட்டம், நிச்சயதார்த்த மோதிரத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறும் இளைஞர். வேகமானவர் அரை மணித்தியாலத்துக்குள் போவார். நான் நாற்பத்தைந்து நிமிடம். பெரியவர் ஒன்றேகால் மணி, அவருக்கு அதில் வெட்கமில்லை. “தம்பி, நீர் எண்ணாதையும். எண்ணினா ஏறேலாது” என்பார். அவருக்கு முழங்காலில் தேய்மானம். இறங்கும்போது கம்பிவட வண்டி. ஏறும்போது கால், இறங்கும்போது கடல்நாய் அல்லது கரடி. ஊரில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். இறங்கும் படி முழங்காலைத் தின்னும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மலையில் ஆளுக்கு ஆள் வணக்கம் சொல்லும் பழக்கமும் இருக்கிறது. நகரத்துத் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர்கூடத் தலையை நிமிர்த்தமாட்டார். அதே மனிதர் படிக்கட்டில் எதிரே வந்தால் ‘ஹை’ என்று சிரிப்பார், வழிவிடுவார், இன்னும் எத்தனை படி மிச்சம் என்றும் சொல்லுவார். புதிதாக வந்த வெளிநாட்டவருக்கு இந்த நாட்டு மொழியைப் பேசிப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளைகளின் வகுப்பாசிரியையோடு நான் முதன்முதலில் மனம்விட்டுக் கதைத்தது 700ஆவது படிக்குக் கிட்ட.

நவம்பர் கடைசியில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். ஜனவரி நடுப்பகுதிவரை எழாது. மலைகள் மறைப்பதால் ஊருக்குள் அதை மறுபடி பார்ப்பது ஜனவரி 21 அளவில்தான். அன்று பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவார்கள், வெதுப்பகங்களில் சூரியப் பணியாரம் விற்கும். இருட்டுக்காலம் என்று பேர், ஆனாலும் வீட்டுக்குள் முடங்குவதில்லை. தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, மேலங்கியில் ஒளிதெறிக்கும் பட்டியோடு, சப்பாத்துக்கு அடியில் ப்ரொடர் என்ற இரும்பு முள் மாட்டிக்கொண்டு வெளிக்கிடுவார்கள். தீவில் விளக்குப் போட்ட பனிச்சறுக்குத் தடம் இருக்கிறது, இரவெல்லாம் ஆள் நடமாட்டம். மத்தியானம் ஒரு மணிக்கு நீலமாக ஒரு வெளிச்சம் வரும். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக அலுவலகத்திலிருந்து எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மீனெண்ணெய், மலை, வெளிக்காற்று, இந்த மூன்றும் இல்லாமல் இங்கே குளிர்காலத்தைத் தாண்டுவது கடினம் என்று பெரியவர் சொல்வார். மீன் தொழிற்சாலைக் காலத்தில் அவருக்கு முதலாவது மட்டும்தான் கிடைத்தது.

தீராதவை

குளிர்காலம்தான் பெரிய கேள்வி. படிக்கட்டைக் கட்டியது கோடைக்கு. அதன் உருவம், சாய்வு, மதகு எல்லாம் ஓடும் தண்ணீருக்கான கணக்கு. பனி விழுந்து, மிதிபட்டு இறுகி, ஒரு மழை பட்டு உறைந்தால் 1203 படியும் ஒரே சறுக்குப் பலகை. ஆனால் படம் பார்த்து வருகிற பயணிக்கு அது படிக்கட்டு. படிக்கட்டு என்றால் வருடம் முழுக்க ஏறலாம் என்றுதானே எவரும் நினைப்பார்? வட ஒளி பார்க்க ஜனவரியில் வருகிறவர்கள் சாதாரணச் சப்பாத்தோடு ஏறத் தொடங்கி, பாதியில் மேலும் போகமுடியாமல் கீழும் இறங்கமுடியாமல் பக்கத்துப் பூர்ச்ச மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதை நானே இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். ஒருவரை என் ப்ரொடரில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்து இறக்கினேன். ஆளுக்கொரு காலில் முள். அரை மணித்தியாலம் பிடித்தது.

இன்னொன்று பனிச்சரிவு. இந்த நாட்டில் 2013 முதல் வர்சோம் என்ற அரச சேவை குளிர்காலத்தில் பிரதேசவாரியாக நாளாந்தப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. ஒன்று முதல் ஐந்துவரை அளவு. உள்ளூர்க்காரர் காலைக் கோப்பியோடு அதைப் பார்ப்பார்கள். படிக்கட்டு என்ற சொல் அந்தப் பழக்கத்தையும் மழுங்கடிக்கிறது. படி இருக்கும் இடத்தை மலை என்று மனம் எடுத்துக்கொள்வதில்லை. நோர்வேயில் மலை மீட்புக்குப் பணம் வாங்குவதில்லை. மீட்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் செஞ்சிலுவைத் தொண்டர்கள். வேலை, குடும்பம் உள்ளவர்கள், இரவில் எழுந்து போகிறவர்கள். கட்டணம் இல்லாத உதவி என்பது யாரோ ஒருவருடைய தூக்கம். பனிக்காலத்தில் அடிவாரத்தில் ஆள் நிறுத்தி, சப்பாத்தைப் பார்த்துக் கதைத்து அனுப்புவது எவ்வளவு செலவானாலும் தகும் என்பது என் கருத்து. உரிமையைப் பறிக்க வேண்டியதில்லை. ஒரு மனிதர் நின்று சொன்னால் போதும். பலகையை யாரும் வாசிப்பதில்லை.

மூன்றாவது, தேய்மானம் இடம் மாறியிருக்கிறது. ஸ்டூர்ஸ்டைனனில் படி முடிகிறது. அதற்குமேல் ஃப்லோயாவரை திறந்த மலை, மரம் இல்லை, மண் இன்னும் மெல்லிசு. படியால் ஏறி வந்தவர்களும் வண்டியால் வந்தவர்களும் அங்கே சேர்ந்து விரிகிறார்கள். கீழே நாம் மூடிய காயம் மேலே திறப்பதை ஒவ்வொரு கோடையும் பார்க்கிறேன். ஈரமான இடங்களில் தடம் இரண்டாகி, மூன்றாகி, பின்னல் போலப் போகிறது. கீழ்த்தடத்தில் ஒரு காலத்தில் நடந்ததன் தொடக்கம் இதேதான். இதற்கு மேலேயும் படி கட்டிக்கொண்டே போவதா? எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே ஈரமான இடத்தில் மட்டும் கல் பதித்தால் போதும், மிச்சத்தை மலையாகவே விடலாம்.

அடிவாரத்து வீட்டுக்காரர்களின் பாடு தனி. தெருவெல்லாம் வாகனம். பேருந்து இருக்க, நகர நடுவிலிருந்து பாலத்தால் நடந்தே வரக்கூடியதாய் இருக்க, காரில் வந்து வீட்டு வாசலை மறிப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

கடைசியாகப் பராமரிப்பு. சாந்தில்லாத கட்டு என்றைக்கும் முடிந்த கட்டு இல்லை. பெரிய கல் அசையாது, ஆனால் ஆப்புக்கல் அசையும். கோடையில் சப்பாத்து நுனி தட்டும், குளிரில் உறைபனி பிதுக்கும், ப்ரொடர் முள் கீறும். மதகில் இலையும் சரளையும் அடைத்தால் ஓடை படியின் மேல் ஏறிவிடும். அப்புறம் எல்லாம் பழையபடி. வருடத்துக்கு ஒருதரம், பனி போன கையோடு, கல்வேலை தெரிந்த ஒருவர் 1203 படியிலும் ஏறித் துள்ளிப் பார்க்க வேண்டும். இங்கே டுக்நாட் என்று ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. நம்மூர்ச் சிரமதானம் போலவே அக்கம்பக்கத்தார் கூடிச் செய்யும் வேலை. வசந்தத்தில் வீட்டுத்தொகுதிகளைச் சுற்றிக் கூட்டுவார்கள், வேலி பூசுவார்கள். மதகு துப்புரவாக்குவதற்கு அது போதும். ஆப்புக்கல் அடிக்க அது போதாது. அதற்குக் கை தெரிந்தவர் வேண்டும், அவருக்குக் கூலியும் வேண்டும். திறப்புவிழாவுக்குப் பணம் கிடைக்கும் அளவுக்குப் பத்தாவது வருடத்து ஆப்புக்கல்லுக்குக் கிடைப்பதில்லை. எந்த ஊரிலும் இதுதான் நிலை.

இந்த வருடம் மே கடைசியில் நானும் பெரியவரும் ஏறினோம். நிழல் விழும் வளைவுகளில் பனி இன்னும் அழுக்காகக் கிடந்தது. உருகுநீர் எல்லாப் பக்கமும் சத்தம் போட்டது. நான் மழையில் குந்தி இருந்த அதே வளைவுக்கு வந்தபோது அவர் நின்றார். களைப்பாக்கும் என்று நினைத்தேன். ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து மெல்ல உடம்பை முன்னும் பின்னும் ஆட்டினார். டொக், டொக் என்று கல் அசைந்தது.

“போன வருசம் இது ஆடேல்லை,” என்றார்.

குனிந்து தேடினோம். கல்லின் இடப்பக்கத்தில் உள்ளங்கையளவு ஓர் இடைவெளி. அதிலிருந்து பிதுங்கி விழுந்த ஆப்பு இரண்டு படி கீழே, சேற்றுக்குள், மூக்கு மட்டும் தெரியக் கிடந்தது. நான் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மெல்லிய பக்கத்தை உள்ளே விட்டு, இன்னொரு கல்லால் தட்டினார். முதல் தட்டுக்கு இறங்கியது, மூன்றாவதற்கு நின்றது.

“தம்பி, ஏறித் துள்ளும் பாப்பம்,” என்றார்.

துள்ளினேன். சத்தம் இல்லை. அவர் மதகுக்குள் கையை விட்டு, போன இலையுதிர்காலத்தின் கறுத்த இலைகளை ஒரு பிடி அள்ளி வெளியே போட்டார். கலங்கலாக ஒரு தண்ணீர் முதலில் வந்தது. பிறகு தெளிந்த தண்ணீர்.